ஏழு நிமிஷம் போதும்னு சொன்ன ஒம்பதாம் நம்பர்

அந்தச் சீட்டு வேணாம் சார், மேல தகரத்துல ஓட்டை, சரியா உங்க கழுத்துலதான் ஒழுகும். இப்படி வாங்க, நான் தள்ளிக்கிறேன். ஆமா, கிளப் ஜாக்கெட்டுதான், ஆனா நான் ஆடல. பெஞ்சுல ஒரு கோல்கீப்பர் குளிர்ல நடுங்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவனுக்கும் அடுத்து நான். மூணாவது கோல்கீப்பர்ங்கறது மாப்பிள்ளைத் தோழனோட தம்பி மாதிரி சார். சாப்பாடு உண்டு, போட்டோல இடம் கிடையாது.

நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். தொப்பிய எவ்வளவு இழுத்து விட்டா என்ன, டீக்கடைல ஹ்ம்க்கும் ஹ்ம்க்கும்னு ரெண்டு கனைப்பு கனைச்சுட்டு ரெண்டு சர்க்கரைன்னு கேட்டீங்களே, அப்பவே புரிஞ்சுபோச்சு. வேல்ஸ் பூரா ரேடியோவுல கேக்குற குரல். இத்வால் மோரிஸ், நாட்டு டீமோட உதவிக் கோச்சு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சார், பயப்படாதீங்க. எங்க பதினொண்ணாம் நம்பரப் பாக்கத்தான வந்திருக்கீங்க? நல்ல பையன். காத்தா ஓடுவான். பாருங்க, தாராளமா பாருங்க. நடுவுல அப்பப்ப அந்த ஒம்பதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க.

ஆமா, முட்டியில கட்டோட நிக்கிறாரே, அவர்தான். எம்லின் ப்ரோபர்ட். முப்பத்தஞ்சு வயசு. இன்னிக்குத்தான் கடைசி மேட்ச். இதோட பூட்ஸைக் கழட்டி வைக்கிறாரு.

பேரைக் கேட்டதும் ஏன் சார் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க? சரி, சரி. டீயக் குடிங்க, ஆறிடும்.

பின்னாடி ஒருத்தர் கத்துறாரு கேக்குதா? ஏய் ப்ரோபர்ட், உன் நிழலு உனக்கு முன்னாடி போய் நிக்குது, பந்தை அதுக்குக் குடுறான்னு. அவரு எங்க ஊரு தபால்காரர். எல்லாரையும் திட்டுவாரு. எம்லின் அண்ணன் மேல மட்டும் தனிப் பிரியம், அவரை ரெட்டிப்பாத் திட்டுவாரு.

பதினேழு வருஷம் சார், பதினொரு கிளப்பு. கடல் ஓரத்துல ரெண்டு, ரயில் நிக்காத ஊர்ல ஒண்ணு, மீதியெல்லாம் இங்கிலாந்துல மழை பேயிற ஊருங்க. நூத்தி ஐம்பத்தோரு கோல். ஒரு கிளப்புல சட்டை முதுகுல பேரத் தப்பா அடிச்சுட்டாங்களாம். மாத்தித் தரட்டான்னு கேட்டதுக்கு இவரு, நான் அவர மாதிரியே சொல்றேன் கேளுங்க, எதுக்குப்பா வீண் வேல, சட்டை வெளுக்குறதுக்குள்ள என்னை வித்துருவீங்கன்னாராம். ஏழே வாரம் சார். வித்துட்டாங்க.

அவரு சம்சாரம் நெரிஸ் அக்கா எந்த வீட்லயும் திரை மாட்டினதே இல்ல. சமையல் சாமான்னு மேல எழுதின ஒரு அட்டைப்பெட்டி அவங்ககிட்ட இருக்கு, அது பிரிக்கவே படாம அஞ்சு ஊரு பாத்துடுச்சு. ஒரே பொண்ணு. அது அப்பாகிட்ட ஒரு ஊரு ராகத்துல பேசும், அம்மாகிட்ட இன்னொரு ஊரு ராகம், கோவம் வந்தா மூணாவது. எனக்கு மூணும் வரும். காட்டட்டா? வேணாமா, சரி.

கோல் போடுற ஸ்ட்ரைக்கருக்கு வாழ்க்கை பூரா ஃபோன்லதான் சார் வரும். நாளைக்கு அந்த ஊருக்குப் போங்குறதும் ஃபோன்ல, நீ வேணாம்ங்குறதும் ஃபோன்ல. அதனால அவரு ஃபோனு ரெண்டாவது மணிக்குப் போகாது. முத மணியிலயே எடுத்துருவாரு. சாப்பிட்டுட்டு இருந்தாலும் சரி, குளிச்சிட்டு இருந்தாலும் சரி.

எல்லாமே வந்துச்சு அவருக்கு. ஒரே ஒண்ணு வரல. உங்களுக்குத்தான் தெரியுமே. வேல்ஸுக்கு ஆடினா குடுப்பீங்களே, அந்த வெல்வெட் தொப்பி. எங்க ஊர்ல ரோடரிக்னு ஒரு பெருசு இருக்காரு. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நாட்டுக்காக ஏழு நிமிஷம் ஆடினாரு. பந்து ரெண்டு தடவ அவரு கிட்ட வந்துச்சு, அதுல ஒண்ணு வெளிய போன பந்தை எடுத்து எறிஞ்சது. அந்த ஏழு நிமிஷத்துக்கு இன்னிக்கும் பப்புல அவரு நாற்காலில வேற ஆளு உக்கார முடியாது. இன்டர்நேஷனல் வந்துட்டாரு, வழி விடுங்கடான்னுதான் பேச்சு. எம்லின் அண்ணன் அவரையே பாத்துட்டு இருப்பாரு. எனக்கும் ஏழு நிமிஷம் போதும்டா, எறிஞ்ச பந்து ஒண்ணு கூட வேணாம்னு ஒரு தடவ என்கிட்ட சொன்னாரு.

என்கிட்ட ஏன் சொன்னாருன்னா, என்னைப் பிடிக்கும் அவருக்கு. டீமுக்குப் புதுசா வர்றவன் மொத ராத்திரிச் சாப்பாட்டுல நாற்காலி மேல ஏறிப் பாடணும், தெரியும்ல? எனக்குப் பாட வராது. ஏறி நின்னு எங்க மேனேஜர் பெய்னன் மாதிரி பேசினேன். பேக்ல நில்லு, பேக்ல நில்லு, பேக்லன்னா பேக்ல, உங்கப்பன் கார் பேக்ல இல்லடான்னு. பெய்னன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு சார்! எம்லின் அண்ணனுக்குச் சிரிச்சு மூக்குல நூடுல்ஸ் வந்துடுச்சு. அன்னிக்கே எனக்குக் கிளின்னு பேரு வச்சுட்டாரு.

அதுலருந்து ஒருத்தரையும் விடல. பெய்னன் குரல்ல கேப்டனைக் கூப்பிட்டு, நாளைக்குப் பயிற்சி ஆத்துலப்பா, நீச்சல் ட்ரவுசரோட வான்னேன். வந்து நின்னான் சார், பிப்ரவரில! தொடையெல்லாம் நீலம்.

எம்லின் அண்ணனுக்கு உங்க குரலு.

ஆமா சார். உங்க குரலுதான். கோச்சுக்காதீங்க, ரொம்பச் சுலபம் உங்களுது. ஹ்ம்க்கும், ஹ்ம்க்கும், பாருங்க எம்லின், நம்ம பசங்க ரெண்டு பேருக்குக் கால் போச்சு, நீங்க வர முடியுமான்னு யோசிக்கிறோம்... இருக்குல்ல? இருக்கு, உங்க மூஞ்சியே சொல்லுது. நவம்பர்ல மொத தடவ கூப்பிட்டேன். முத மணியிலயே எடுத்தாரு. அப்புறம் மெதுவா, ஒரு நிமிஷம் சார், பேனா எடுத்துக்கிறேன்னாரு. நெரிஸ், நெரிஸ்னு கூப்பிடுறது கேக்குது, ஒரு நாற்காலி விழுறது கேக்குது. எனக்கு அடக்க முடியல, சிரிச்சுட்டேன். மறுநாளு கார்னர் கொடியப் பிடுங்கிட்டு மைதானம் பூரா என்னைத் தொரத்தினாரு. சிரிச்சுட்டேதான் தொரத்தினாரு. ஆனா பிடிச்சப்ப கொஞ்சம் பலமாவே விழுந்துச்சு.

ஜனவரில மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவ ரெண்டு வார்த்தைலயே, டேய் கிளி, கனைப்பு பத்தலடா, அந்தாளு நெஞ்சுலருந்து கனைப்பாரு, நீ தொண்டையில கனைக்கிறன்னு பாடம் எடுத்தாரு. நானும் பழகினேன் சார். கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்.

அப்புறம் மார்ச்சு வந்துச்சு.

மார்ச்சுல என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்களேன். ம்? சரி, நானே சொல்றேன். உங்ககிட்ட இருந்த ஸ்ட்ரைக்கருங்க மூணு பேரும் ஒரே வாரத்துல படுத்துட்டாங்க. எம்லின் அண்ணன் அதுக்கு முன்னாடி பத்து மேட்ச்சுல ஒம்பது கோல் போட்டிருந்தாரு. திங்கக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நீங்க அவருக்கு ஃபோன் பண்ணீங்க. நிஜமாவே நீங்க.

அவரு என்ன சொன்னாருன்னு சொல்லட்டா? வர்றேன், ஆனா எங்க வீட்டு நாய்க்கும் ஒரு சட்டை வேணும், பத்தாம் நம்பர் குடுங்க. உங்க பெரிய கோச்சை எங்க ஊரு ஆட்டுப்பட்டிக்கு வந்து கால்ல விழச் சொல்லுங்க, யோசிக்கிறேன். சொல்லிட்டு உங்களை மாதிரியே ரெண்டு தடவ கனைச்சுக் காட்டிட்டு வச்சுட்டாரு.

குடிச்சிருக்கான்னு நினைச்சீங்களா? அவரு தொடவே மாட்டாரு சார், முட்டிக்கு மாத்திரை சாப்பிடுறாருல்ல. திமிருன்னு நினைச்சீங்களா? திமிரு பிடிச்சவனா சார் பதினொரு கிளப்புல போய், எங்க நிக்கணும் சொல்லுங்கன்னு கேப்பான்? அவரு பேசினது உங்ககிட்ட இல்ல. என்கிட்ட. அதாவது என்கிட்டன்னு நினைச்சுப் பேசினாரு. உங்களுக்குப் பதிலா நான்னு.

அந்த வெள்ளிக்கிழமை நாங்க வெளியூர் மேட்ச்சுக்குப் பஸ்ல போயிட்டு இருந்தோம். அன்னிக்குத்தான் நாட்டு மேட்ச்சும். டிரைவர் ரேடியோவ வச்சாரு. நீங்க பேசுனீங்க. ஒரு அனுபவசாலியக் கேட்டுப் பாத்தோம், அவருக்கு இஷ்டம் இல்ல, அதனால சின்னப் பையனைச் சேத்தோம்னு. பேரு சொல்லல நீங்க, அது உங்க பெரிய மனசு. எம்லின் அண்ணன் என் பக்கத்துச் சீட்டுல வாழைப்பழம் உரிச்சுட்டு இருந்தாரு. எவன்டா அந்த மடையன், நானா இருந்தா தவழ்ந்தாவது போயிருப்பேனேன்னாரு. பஸ்ஸே சிரிச்சுச்சு. எனக்கு அந்த நிமிஷம்தான் சார் புரிஞ்சுச்சு. ஆனா அப்ப என்ன செய்ய? நீங்க டீம் லிஸ்ட்டைக் குடுத்தாச்சு, இன்னும் மூணு மணி நேரத்துல உங்க மேட்ச்சு.

இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

ஜூன்ல ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச்சு இருக்குல்ல சார்? அதுல ஒரு ஏழு நிமிஷம்... ம். இல்ல, தெரியும். அந்த முட்டிய நீங்களே பாக்குறீங்களே. சும்மா கேட்டுப் பாத்தேன்.

அதோ, ஆள் மாத்துற போர்டு காட்டிட்டாங்க. ஒம்பது வெளிய. எந்திரிச்சுக் கை தட்டுங்க சார், எல்லாரும் தட்டுறாங்க. தபால்காரரைப் பாருங்க, திட்டவும் முடியாம தட்டவும் முடியாம மூக்கைத் தொடச்சிட்டு நிக்கிறாரு. எம்லின் அண்ணன் நொண்டிட்டே சுத்தி வந்து கும்பிடுறாரு. இன்னும் ரெண்டு நிமிஷத்துல இந்தப் படி வழியாத்தான் உள்ள போவாரு.

எனக்கு ஒரே ஒரு உதவி. என்கூடக் கீழ வாங்க. நான் தனியாப் போய்ச் சொன்னா, டேய் கிளி, கடைசி நாள்லயுமாடான்னு காதைத் திருகுவாரு. ஃபோன்ல நீங்க சொன்னாலும் நம்பமாட்டாரு, அந்த வழிய நான் அடைச்சு வச்சுட்டேன். நீங்க அவரு முன்னாடி நிக்கணும். உங்க வாய் அசையுறத அவரு கண்ணால பாக்கணும். உன்னைக் கூப்பிட்டோம்ப்பா, நிஜமாத்தான் கூப்பிட்டோம்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன், மிதிச்சாலும் வாங்கிக்கிறேன்.

என்ன சார்... வேணாமா? கடைசி நாளு, சந்தோஷமாப் போகட்டும்ங்கறீங்க. உன்மேல தப்பு இல்ல, விளையாட்டாச் செஞ்சது, வெள்ளிக்கிழமைதான உனக்கே தெரிஞ்சுதுங்கறீங்க.

தோள்ல கை வைக்காதீங்க சார். எடுத்துடுங்க, ப்ளீஸ்.

வெள்ளிக்கிழமை இல்ல. செவ்வாய்க்கிழமை. காலைல ஒம்பதரை மணி. நீங்க ஃபோன் பண்ண மறுநாளு. அந்தச் சின்னப் பையன் பேரை நீங்க அறிவிச்சது அன்னிக்குச் சாயந்திரம். இங்கருந்து உங்க டீமு கூடுற கார்டிஃபுக்கு ரெண்டரை மணி நேரம்தான், பெய்னனே கார்ல கொண்டு போய் விட்டிருப்பாரு. உடை மாத்துற ரூமுக்குள்ள நான் நுழையுறேன், எம்லின் அண்ணன் பெஞ்சு மேல ஏறி நின்னுட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு, டேய், நேத்துதான்டா கிளி பாஸாயிட்டான், என்னா கனைப்பு, நானே ஒரு செகண்டு நம்பிட்டேன்டான்னு.

திங்கக்கிழமை ஆறு மணிக்கு நான் பல் டாக்டர்கிட்ட வாயத் திறந்துட்டு உக்காந்திருந்தேன் சார். கீழ்த்தாடை பூரா மரத்துப்போய், எங்கம்மாவ அம்மான்னு கூடக் கூப்பிட வரல.

ஒரு வார்த்த போதும். நேத்து நான் கூப்பிடலண்ணேன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இருபது பேரும் கை தட்டிட்டாங்க சார், லாக்கர் கதவையெல்லாம் அடிச்சுத் தட்டுறாங்க, கேப்டன் என்னைத் தூக்கி அவரு பக்கத்துல பெஞ்சு மேல நிக்க வச்சுட்டான். எனக்கு அப்படி யாருமே தட்டினதில்ல. மூணாவது கோல்கீப்பருக்கு யாரு தட்டுவா?

நெஞ்சுலருந்து ரெண்டு கனைப்பு கனைச்சுட்டு, குனிஞ்சு வணக்கம் வச்சேன்.