ஆச்சு என்று சொல்லாதவன்

விடிவதற்குச் சற்று முன். ஐந்து மணி இருக்கும். மூடிக் கிடக்கும் ஆலையை ஒட்டி ஒரு சாலை... ஒரு பக்கம் நீள மதில், மறு பக்கம் புதர். நடுவில் பேருந்து நிறுத்தம், ஒரு சிமென்ட் பெஞ்சு. அந்த நேரத்தில் அங்கே நாய்கூடப் போகாது. இவன் போனான், கழுத்தில் கேமராவோடு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்டு இப்போதைக்கு வராது. என்னோடு மருந்துக்கடையில் கல்லாவில் இருக்கிறாளே ஒரு அக்கா, அவளுடைய கொழுந்தனுக்கு நடந்தது இது. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் மேதை.

மேதை என்றால் சாதாரண மேதை இல்லை. வீட்டில் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்ற மாட்டான், சொட்டுகிற தண்ணீரைப் படம் எடுப்பான். தரையைத் துடைப்பது அக்கா. கொடியில் காயும் சட்டை, ஒற்றைச் செருப்பு, கால் உடைந்த நாற்காலி... தினமும் ஒரு படம். அன்றாடத்தின் அழகாம். அந்த அன்றாடத்துக்குச் சோறு பொங்கிப் போட்டவளை ஒரு நாளும் எடுத்ததில்லை. அவள் முகத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லையாம்!

அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. இதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவர்கூட, "அசையாதீங்க" என்று சொன்னால் எடுத்து முடித்ததும் "ஆச்சு" என்பார். அப்புறம்தான் நமக்கு மூச்சே வரும். மேதை அதைச் சொல்லவே மாட்டான். "அசையாதீங்க, அப்படியே இருங்க" என்பான். படபடவென்று எடுப்பான். கேமராத் திரையைப் பார்த்தபடி, தானே சிரித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான்.

அக்கா கேட்டிருக்கிறாள். அதற்கு அவன், "ஆச்சுன்னு சொன்னா அந்த மூஞ்சி செத்துடும் அண்ணி, உங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்றானாம். ஒரு தடவை அக்காவின் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு மறந்தே போனான். குழந்தை கழுத்து பிடித்துக்கொண்டு அழுதது. அந்த அழுகையையும் எடுத்தான், புண்ணியவான்.

சரி... அந்த விடியற்காலை.

பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் கம்பளி, மடியில் ஒரு பை. பனியில் நனைந்த கம்பளி வாசனையும் தலைவலித் தைல வாசனையும்... இதெல்லாம் அவனே பெருமையாக அக்காவிடம் சொன்னது. அவன் அவரைக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னான், மதில் பக்கம். "அசையாதீங்க, அப்படியே இருங்க."

பெரியவர் சொன்னாராம், "சீக்கிரம் தம்பி. மக ஆஸ்பத்திரியில கெடக்கா. முதல் பஸ்ஸை விட்டா அப்புறம் பதினோரு மணிக்குத்தான்."

டிக்... டிக்... டிக்.

எடுத்தான். பார்த்தான். சிரித்தான். போய்விட்டான்.

முதல் பஸ் வந்தது. நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியவர் திரும்பவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்ததாம். ஏதோ சரியில்லாத ஆள் என்று வண்டியை எடுத்துவிட்டார்கள். பால்காரர் வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. உட்கார்ந்தபடியேதான் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுத்தை நேராக்க யாராலும் முடியவில்லை.

விஷயம் மேதையின் காதுக்கும் வந்தது. ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "நல்லவேளை, முன்னாடியே எடுத்துட்டேன்."

மறுநாள் மொட்டை மாடியில் காலி நாற்காலிகளை எடுத்தான். படத்தின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பளி... மடியில் பை... கழுத்து ஒரு பக்கம் திரும்பி. அதற்கு மறுநாள் மீன் கடை வாசல். கூட்டத்துக்கு நடுவில் அதே உருவம். அடுத்த நாள் சலூன் கண்ணாடிக்குள். நேரில் பார்த்தால் யாரும் இல்லை. படத்தில் மட்டும்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கேமராவைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடியிருப்போம். மேதை அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு கண்காட்சிக் கூடத்துக்கு ஓடினான். அங்கே ஒரு பொறுப்பாளர் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கிழவர் எல்லாப் படத்துலயும் ஒரு நூல் மாதிரி ஓடுறார், பிரமாதம்!" என்றாளாம். நடுச்சுவரையே அவனுக்குக் கொடுத்துவிட்டாள். வருஷக்கணக்காக அவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்ததே அந்தச் சுவருக்காகத்தான்.

அக்காதான் கவனித்தாள். படங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் பெரியவர் இன்னும் கொஞ்சம் கிட்டே. கழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வந்தது... மதில் பக்கத்திலிருந்து, எடுக்கிறவன் பக்கம். கடைசிப் படம் வீட்டுக் கூடம். அக்கா மகள் படிக்கிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அவனிடம் அழாத குறையாகக் கேட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தைதானே தம்பி. அந்த பெஞ்சுகிட்டப் போய், ஆச்சு ஐயா, எழுந்திருங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. பச்சப்புள்ள இருக்கிற வீடு."

"சொன்னா அவர் போயிடுவார் அண்ணி," என்றான். "கண்காட்சி முடியட்டும்."

தெரிந்துதான் சொன்னான், பாருங்கள். பயந்தவனாக இருந்தால்கூட மன்னித்துவிடலாம். அக்கா அன்றைக்கே மகளைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

கண்காட்சி திறக்கிற நாள். காலையில் அக்கா காபியோடு அவன் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே... டிக் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. கதவைத் தள்ளினாள். தைல வாசனை முகத்தில் அடித்தது. ஈரக் கம்பளி வாசனையும்.

மேதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக. கை மடியில். கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தது, ஜன்னல் பக்கம். கேமரா எதிர்க் கட்டிலின் ஓரத்தில் இருந்தது. கட்டில் விரிப்பு அந்த இடத்தில் மட்டும் அமுங்கி, ஈரமாக...

சாகவில்லை. மூச்சு வருகிறது. மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் செய்துவிட்டார்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லையாம். அசைய மட்டும் மாட்டான். இமைகூட மூடாது. கண் வறண்டுவிடும் என்று அக்காதான் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுகிறாள். அது கன்னத்தில் வழிந்து தரையில் சொட்டுகிறது. துடைப்பதும் அவள்தான்.

"அக்கா ஆச்சுன்னு சொல்லிப் பார்க்கலையா?" என்கிறீர்களா? சொன்னாள். காதோரம் சொன்னாள், கத்திச் சொன்னாள், காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எடுத்தவர் சொன்னால்தானே ஆகும்?

எடுத்த பெரியவரைத் தேடிக்கொண்டு அவள் கண்காட்சிக்கே போனாள். நடுச்சுவரில் எல்லாப் படங்களும் மாட்டியிருந்தன. மொட்டை மாடியில் வெறும் நாற்காலிகள். மீன் கடையில் வெறும் கூட்டம். சலூன் கண்ணாடியில் ஒருவரும் இல்லை. நடுவில் பெரிதாக அந்த சிமென்ட் பெஞ்சு, காலியாக. அதன் முன்னால் நாலு பேர் நின்று, "அடடா, என்ன ஒரு வெறுமை!" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது.

போகும்போது "ஆச்சு" என்று சொல்லவில்லை.