வடக்கு மூலைக் கிணறு

கொழுக்கட்டைப் புல்லுக்குப் பெரிய மழை வேண்டியதில்லை சார். ஒரு கோடை மழை போதும், தலைநீட்டிவிடும். எருத்தேன்பதியில் அந்த ஏழு ஏக்கரை நான் வாங்கியபோது அங்கே அந்தப் புல் ஒரு கற்றைகூட இல்லை. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடந்தன. முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, அந்த மண்ணுக்கு உரியதை மட்டும் அங்கே வளர்க்க நினைத்தேன். சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி எடுத்தேன். வெள்வேலும் ஊஞ்சையும் நட்டேன். ஆறாவது வருடம் காடை வந்து முட்டையிட்டது.

பக்கத்து ஓட்டுவீட்டில் முத்தாத்தாள் தனியாக இருந்தார். பதினொரு வெள்ளாடுகள். மகன் பாண்டித்துரைக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வெள்ளாடு சீமைக்கருவேலங்காயை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். நான் தோண்டி எடுத்த இடத்திலெல்லாம் மறுபடியும் முளைத்தது.

பொறுமையாகத்தான் சொன்னேன். அவரும் கோபப்படவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்தக் காட்டுலதானுங்க ஆடு மேயுது. இப்ப எங்கீங்க ஓட்டீட்டுப் போறது?"

வேலி போட்டேன். ஆடுகள் நுழைந்து வந்தன. அவர்மேல் எனக்குப் பகை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்.

பங்குனியில் ஒரு காலை, அவருடைய குட்டி ஒன்று வடக்கு மூலையில் இருந்த பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. குறுகலான கிணறு, பதினைந்தடி ஆழம், தண்ணீர் இல்லை. என் மூங்கில் ஏணியைக் கேட்டு வந்தார். நானே தூக்கிப் போனேன். இறங்கவும் நானே தயாராக இருந்தேன்.

"உங்களுக்கு முட்டி வலிங்க. நானே எறங்கறனுங்க. நீங்க புடிச்சுக்கங்க, போதும்."

பிடித்துக்கொண்டேன். அவர் பாதி ஏணி ஏறிக் குட்டியை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கீழே செருப்பு விட்டுப்போயிற்று என்று திரும்ப இறங்கினார். அப்போதுதான் ஏணியை மேலே இழுத்தேன். முன்கூட்டித் திட்டமிட்டதல்ல.

"வாத்தியாரே, ஏணீங்க?" என்றார். விளையாட்டு என்று நினைத்திருக்கலாம்.

பாதியில் விட்ட குழி ஒன்று இருந்தது. அதைத் தோண்டி முடித்துக் கன்று நட்டுவிட்டு வந்தேன். இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அவரை அடிக்கவில்லை, தள்ளவில்லை. தானாக இறங்கினார். கிணறு வெட்டியபோது எடுத்த மண் பக்கத்திலேயே மேடாகக் கிடந்தது. அதையே போட்டேன். வெளிமண் என்றால் களைவிதை வரும். என் வயதுக்கு ஒன்பது நாள் ஆனது. முதல் நாள் மாலைவரை குரல் கேட்டது. மகன் பெயரைச் சொன்னார், பிறகு என்னைத்தான் கூப்பிட்டார்.

பாண்டித்துரை வந்து தேடினார், உங்களிடம் புகாரும் கொடுத்தார். ஆடுகளை ஓட்டிப் போய்விட்டார். இந்த ஆனியில் ஒரு சீமைக்கருவேலங்கன்றுகூட முளைக்கவில்லை.

நாளை ஜேசிபி வைத்து என் நிலம் முழுவதையும் தோண்டப் போகிறீர்கள் என்று இன்று காலை பாண்டித்துரை சொன்னார். அதைக் கேட்டதும் நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். நிலம் முழுவதும் வேண்டாம் சார், வடக்கு மூலை மட்டும் போதும். இரண்டு ஆள், மண்வெட்டி. வண்டி எதுவும் உள்ளே வரக் கூடாது. அங்கே நிறைய உயிர்கள் இருக்கின்றன.