அசையாத முள்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். மின்சாரம் ஓடும் எந்த இயந்திரத்தைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் இருக்கும். மோட்டாரானாலும் சரி, தடித்த கம்பியானாலும் சரி. அதை அளந்து, அடக்கி, இல்லாமல் செய்வதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்? பாதி ஆயுள் எனக்கு அப்படித்தான் போனது.

நீங்கள் விசாரிக்கிற அந்தச் சரக்குப் படகில் பழைய டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைத்தார்கள். ஓட்டுகிறவர் நிற்கும் அறைக்கு நேர் கீழே அதன் கம்பிகள் போயின. மோட்டாரை முடுக்கினால் திசைகாட்டியின் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நான் திசைகாட்டியைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் அமைத்தேன். மோட்டார் எவ்வளவு இழுக்கிறதோ அதே அளவுக்குச் சுருள் எதிர்ப்பக்கம் இழுக்கும். முள் நேராக நிற்கும். சுருள் வேலை செய்கிறது என்று காட்ட ஒரு சின்னப் பச்சை விளக்கும் வைத்தேன்.

படகை ஓட்டியவர் என் தங்கை கணவர். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி தங்கமான மனிதர். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் போதும், என்னைப் பிடித்துக்கொள்வார். "நம்ம மச்சான் ராப்பகலா உழைச்சு என்ன கண்டுபிடிச்சாரு தெரியுமா? ஒண்ணுமில்லாததைக் கண்டுபிடிச்சாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தங்கை மட்டும், "பாவம், அண்ணாவை விடுங்க" என்பாள். எனக்கு உறைத்தது அந்தப் 'பாவம்' என்ற சொல்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஆய்வுக்கூடத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவுசெய்ய அதிகாரிகள் கூடியபோது, அவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் காலை ஆட்டிக்கொண்டே, "அது இருந்தாலும் ஒண்ணுதான் சார், இல்லாட்டியும் ஒண்ணுதான். முள்ளு அசைஞ்சு நான் பார்த்ததே இல்ல" என்றார். அசையாமல் இருக்கத்தானே ஐயா நான் அதைச் செய்தேன். கூடத்தைப் பூட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு கருவியால் பயன் உண்டா என்று அறிய, அது இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இது பள்ளிக்கூடப் பாடம். வெயில் நாளில் பார்த்துப் புண்ணியமில்லை; அவர் கரையைப் பார்த்தே ஓட்டிவிடுவார். மூடுபனி இறங்கினால்தான் முள்ளைப் பார்ப்பார். அதனால் பனிக்காலம் வந்ததும், பராமரிப்பு என்று சொல்லிப் படகில் ஏறி, சுருளின் இணைப்பை எடுத்துவிட்டேன். பச்சை விளக்கை மட்டும் தனியாக ஒரு பேட்டரியில் எரியவிட்டேன். நீங்கள் அதைச் சூழ்ச்சி என்கிறீர்கள். சோதனைக்கு உள்ளாகிறவருக்கு விஷயம் தெரிந்தால் முடிவு கெட்டுப்போகும். அதற்குப் பெயர் ஆய்வு ஒழுக்கம்.

துறைமுக வாயில் பாறையில் படகு மோதியபோது முள் 'ஏறக்குறைய பத்துப் பாகை' விலகியிருந்தது என்று உங்கள் அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். பதினொன்று. நான் முன்பே கணக்கிட்டதுதான், திருத்திவிடுங்கள். இறந்தவர்கள் மூன்று பேர் என்பது சரி. அவரும், சரக்கு ஏற்றி இறக்கும் இரண்டு பேரும். ஆய்வுக்கூடத்தை இப்போது மூடவில்லையாம். மற்றப் படகுகளுக்கும் சுருள் கேட்டிருக்கிறார்களாம். கேட்க நிறைவாக இருக்கிறது.

அன்று காலை அவர் போன் செய்ததைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

"மச்சான், பனி கண்ணை மறைக்குது. பசங்க ரெண்டு பேரும் போகலாமா வேணாமான்னு முழிக்கிறாங்க. உங்க சுருள் இருக்கிற தைரியத்துலதான் கிளம்புறேன். பச்சை விளக்கு எரியுது, போகலாம்ல?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு ஆபீசருங்க முன்னாடி சும்மா கெத்துக்குப் பேசிட்டேன். உங்க பொழைப்புல கை வைப்பாங்கன்னு நினைக்கல. போய் மாத்திச் சொல்லிடறேன். மனசுல வச்சுக்காதீங்க."

என் வேலையை நம்பி ஒருவர் உயிரையே ஒப்படைக்கிறார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"தைரியமா போயிட்டு வாங்க, மாப்பிள்ளை" என்றேன்.