விசில் என் கழுத்தில்தான் இருந்தது

வீடு பார்ப்பதில் நான் கொஞ்சம் கறார், சார். பள்ளிக்கூடம் பக்கமா, ரயில் பக்கமா என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். வருடம் பூராவும் வாரம் தவறாமல் மலையேறவோ ஆற்றில் இறங்கவோ முடியுமா என்று நான் கேட்பேன். அதற்காகப் பதினான்கு வருடத்தில் நான்கு வீடு மாறினேன். கோலாலம்பூரில் செராஸ் பக்கம் இருந்தபோது பாறை ஏறப் போகும் நாளில் பாதி டிராஃபிக் ஜாமிலேயே போனது. ஸ்ரீ கெம்பாங்கானும் சரிப்படவில்லை. பாராகிளைடிங் பைத்தியம் பிடித்துத் தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனேன். அங்கே காற்று ஒத்துழைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் உலு லங்காட்டில், காட்டோரத்தில் ஒரு வீடு அமைந்தது. என் மனைவி சீதாலெட்சுமி பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். நான்காவது முறை சாமான் கட்டச் சொன்னதும், தன்னுடையதை மட்டும் கட்டிக்கொண்டு கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் அவள் பின்னால் போகவில்லை.

காரணம் அந்த ஆற்று வளைவு. வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி, ஆளுயரத்துக்கு விழுந்து, பச்சையாக ஒரு மடுவில் நிற்கும். பன்னிரண்டு மாதமும் கயாக் ஓட்டலாம். அங்கே ஒரு பிளாஸ்டிக் பையைக் கூடப் பார்க்க முடியாது. அதற்கு முன் நான் ஆசையாகப் போய்வந்த இரண்டு அருவிகள் என் கண் முன்னாலேயே பாழாயின. முதலில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். அப்புறம் பஸ் வந்தது, அப்புறம் பாறை இடுக்கெல்லாம் குழந்தைகளின் பாம்பர்ஸ்.

அஸ்வினை வரவழைத்ததே நான்தான். கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி அவனுக்கு மூன்று ஊர்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. குளிர்காலம் என்று ஆறு மாதம் வீட்டுக்குள் முடங்காமல் விளையாட எந்த ஊர் நல்லது என்று மலையேறுகிற, படகு ஓட்டுகிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டான். கோலாலம்பூர் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். வந்துவிட்டான். நல்ல பிள்ளை, அண்ணே அண்ணே என்று என்னையே சுற்றிவந்தான். எட்டு மாதம் பழகிய பிறகுதான் வளைவைக் காட்டினேன்.

முதல் நாளே அவனுக்கு கெப்பாலா ஆயர் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாததில்லை. மேலே மலையில் மழை கொட்டும், கீழே வெயிலடிக்கும், திடீரென்று மொத்த வெள்ளமும் ஒரே மூச்சில் இறங்கும். வருமுன் தண்ணீர் தே தாரிக் பால் டீ நிறத்துக்குக் கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும். அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடம் இருக்கும், கரையேற இரண்டு நிமிடம் போதும். ஆகவே எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் மேல்பாறையில் விசிலோடு உட்கார்ந்துகொள்வார். அவர் ஊதினால் கேள்வி கேட்காமல் ஏறிவிட வேண்டும், அவர் சும்மா இருந்தால் கவலையில்லை.

போன மாதம் அஸ்வின் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணே, சனி ஞாயிறுல முப்பது முப்பது பேரா கூட்டிட்டு வரலாம்ணே. ஒரு வீடியோ போட்டா போதும், இந்த இடம் எங்கயோ போயிடும்."

வேண்டாம் என்றேன். சிரித்தான். இரண்டு முறை பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அண்ணனுக்கு வயசாகிவிட்டது என்று கேலி செய்தான். சனிக்கிழமை கடைசிக் காட்சிகளை எடுத்து அன்று மாலையே போட்டுவிடப் போவதாகச் சொன்னான். நான் மேல்பாறையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அந்த வாரம் மூன்று நாளாக மாலையில் மலைப்பக்கம் கருத்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் மனைவி கார்த்திகா வருவாள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி, ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று அவள்தான் போனில் படம் எடுத்தாள். அவளைப் பார்த்ததும் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, இவளுக்கும் இப்போது வழி தெரிந்துவிட்டதே என்று தோன்றியது.

மூன்று மணி வாக்கில் முதல் இலைகள் வந்தன. நான் ஊதவில்லை. வெள்ளம் வந்து, போய், மடுவில் யாரும் இல்லை என்று ஆன பிறகுதான் ஊதினேன். கீழே டுரியான் பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மா அக்கா, தண்ணீர் இரைச்சல் முதலில், விசில் பிறகு என்று சொன்னது சரிதான். அவரை மறுபடி மறுபடி அலைக்கழிக்காதீர்கள். போன் கிடைக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பயத்தில் உறைந்துபோயிருப்பேன், அதனால் தாமதமாகியிருக்கும் என்று நீங்களே எனக்காக ஒரு காரணம் சொன்னீர்கள். நன்றி சார். நானும் இத்தனை நாளாக எனக்குள் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லிவந்தேன். நான் யாரையும் தள்ளவில்லை, பிடித்து அமுக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன், ஆறு செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று.

ஆனால் இலைகளை அஸ்வினும் பார்த்துவிட்டான். சொல்லிக்கொடுத்ததை நன்றாகவே கற்றிருந்தான்.

"அண்ணே, தண்ணி கலர் மாறுதே. ஏறிடவா?"

"ஒன்னும் இல்ல லா. நீங்க எடுங்க," என்றேன்.

கார்த்திகா அதற்குள் கரையில் பாதி ஏறியிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள்.