கலைமதி வீட்டு ஃபினிஷிங்

டைல்ஸ் ஒட்டிய தரையில் ஒரு நாளாவது கால் வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை, செயலாளர் ஐயா. எனக்கும் போன வருடம்வரை தெரியாது. முப்பத்து மூன்று வருடம் ஓர் அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதியவன் நான். வருகிற கடிதத்துக்கு ஒரு நம்பர், போகிற கடிதத்துக்கு ஒரு நம்பர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று இந்த விருத்தாசலத்தை ஒருவரும் கேட்டதில்லை.

உங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்கு நான்தான் காரணம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை கலைமதி குடும்பத்தோடு குவைத்தில் இருக்கிறாள். திண்டிவனத்தில் அவளுக்கு ஒரு பழைய வீடு. அதைப் புதுப்பித்து, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வந்து இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. "அண்ணா, நீ சும்மாதான இருக்கற. கூட நின்னு பாத்துக்கோ. ஃபினிஷிங் மட்டும் நல்லா இருக்கணும்" என்றாள். நான் சும்மாதான் இருந்தேன். என் மனைவி பெங்களூரில் உள்ள மகள் வீட்டோடு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, அதையும் மிச்சம் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் டைல்ஸ் பச்சைமுத்து என்னிடம் வந்து, "சார், பாத்ரூம் வாட்டம் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று கேட்டார். தண்ணீர் ஓடுவதற்கான சரிவைத்தான் வாட்டம் என்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். அவர் சொன்னார். "அப்டியே வைங்க" என்றேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் வாட்டத்தைப் பற்றி மயிலம் பிரிவு வரை பேசிக்கொண்டு வந்தேன்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூவரும் அருமையான தொழிலாளிகள். கெடாரிலிருந்து வரும் பச்சைமுத்துவும் பிளம்பர் புகழேந்தியும் பன்னிரண்டு வருடமாக எல்லா சைட்டிலும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பச்சைமுத்துவின் மகள் அன்புச்செல்வியைப் புகழேந்தி தன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார். பெயிண்டர் பெரியதம்பி இருவருக்கும் பொதுவான ஆள். ஐந்தாவது மாதம் எல்லாம் முடிந்தது. பச்சைமுத்து பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு கிளீன் பண்ணிக் குடுத்துட்டா அவ்ளோதாங்க சார். மத்தியானமே கெளம்பிடுவோம்" என்றார்.

மறுநாள் அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது நான் தரையைத் தட்டிப் பார்த்தேன். அடியில் கலவை இல்லாமல் பொள்ளலாக இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பது முறைதான். கொஞ்சம் பலமாகத் தட்டினேன். முதல் தட்டில் ஒன்றும் ஆகவில்லை. பச்சைமுத்துவின் வேலை அப்படி. ஏழாவது தட்டில்தான் விரிசல் விட்டது.

மூவரையும் உட்கார வைத்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். பெரியதம்பி ஏணியை இழுத்ததில் விரிசல் விட்டது என்றார் பச்சைமுத்து. புகழேந்தி பைப்பைக் கீழே போட்டார் என்றார் பெரியதம்பி. நான் டீயும் வறுத்த மல்லாட்டையும் வரவழைத்தேன். ஒவ்வொருவரும் தன் பக்க நியாயத்தை என்னிடம்தான் சொன்னார்கள். பொழுது போனதே தெரியவில்லை.

அதன் பிறகு குறைகள் வந்துகொண்டே இருந்தன. குழாய் மூட்டு ஒன்றைக் கால் சுற்று தளர்த்தினால் சுவர் ஊறிப் பெயிண்ட் உப்பிக்கொள்ளும். தண்ணீர் போகிற ஓட்டைக்குள் ஒரு துணியைச் செருகினால் குளியலறையில் தண்ணீர் நிற்கும். வாட்டம் சரியில்லை என்பார் இவர், பைப் அடைப்பு என்பார் அவர். மூவரையும் உட்கார வைத்துக் கூட்டம் தொடங்கும் முன்பே துணியை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு பேர் பொறுப்பாகிறபடி பார்த்துக்கொண்டேன். ஒருவர் மட்டும் பொறுப்பென்றால் அவர் பேசாமல் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்.

கலைமதி டிக்கெட்டை இரண்டு முறை ரத்து செய்தாள். நான் அனுப்பிய போட்டோக்களைத் திண்டிவனத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அதற்குப் பிறகு பச்சைமுத்துவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இது நான் கேட்டுக்கொண்டு நடந்ததல்ல. ஆனால் என் கூட்டத்துக்கு அவர் தவறாமல் வந்தார்.

தை பிறப்பதற்கு முன்னால் ஒரு கூட்டத்தில் புகழேந்தி, "ஒரு பாத்ரூமுக்கு வாட்டம் வைக்கத் தெரில. இவரு வூட்ல பொண்ணெடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார். பச்சைமுத்து எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். கல்யாணம் நின்றுபோனது. எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று கூட்டத்தை இரண்டு மணி நேரம் நீட்டித்தேன்.

மறுநாள் பச்சைமுத்து, "திருவக்கரை ஆத்தா முன்னாடி சூடம் அணைக்கறேன் சார். என் கை தப்பு பண்ணல" என்றார். நான்தான் வேன் ஏற்பாடு செய்தேன். மூவரும் சூடம் அணைத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவே முன்னால் போனேன். "அந்த வீட்டில் என் கண்ணுக்குத் தப்பிய குறை ஒன்றுகூட இல்லை" என்று சொல்லி அணைத்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

மாட்டிக்கொண்டது என் ஒழுங்கால்தான். குறை இருக்கும் இடத்தை நீலச் சாக்பீஸால் வட்டம் போட்டுவைப்பேன். முதலில் வட்டம், பிறகு சுத்தியல். இல்லாவிட்டால் அடி தவறிப் பக்கத்து டைலும் வீணாகும். போன வாரம் மறந்துபோன ஸ்பேனரை எடுக்கப் பாதிச் சாப்பாட்டில் திரும்பிய புகழேந்தி, சமையலறையில் ஒரு வட்டத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே பளிங்கு மாதிரி நல்ல டைல். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டு வந்து பார்த்தபோது வட்டத்துக்கு நடுவில் விரிசல்.

"சார், குறையக் கண்டுபுடிச்சி அப்பறமா ஒடைக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆமாம் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். பதினொரு டைல்ஸ், நான்கு குழாய் மூட்டு, மூன்று சுவர், ஒரு கதவு. எல்லாம் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஜன்னல் வழியாகப் பாருங்கள். புகழேந்தி தன் டீயில் பாதியைப் பச்சைமுத்துவின் கிளாஸில் ஊற்றுகிறார். பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டே வாங்கிக்கொள்கிறார். தாம்பூலத் தட்டை மறுபடி எப்போது மாற்றலாம் என்று பெரியதம்பி விரல்விட்டு நாள் எண்ணுகிறார். கூட்டம் கூட்டாமலே பேசி முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. அது முறையில்லை.

ஏன் செய்தேன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கலைமதி ஃபினிஷிங் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். அதற்காகத்தான்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் அலுவலகத்துச் சுவரில் பூச்சு அலை அலையாக இருக்கிறது. கூட நின்று பார்க்க ஆளில்லாத வேலை. என் வீடும் விழுப்புரத்தில்தானே, திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடுகிறேன்.