பதினாலாம் நம்பர் தழும்பு

அந்த கேமை ஆரம்பிக்கறது ரொம்ப சுலபம் சார். கம்ப்யூட்டர்ல இறங்க ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள துணி துவைச்சுக் காயப் போட்டுட்டு வந்துடலாம். காசு கிடையாது. பேரு, ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். அப்புறம் நீங்க மனுஷனா, குள்ளனா, காட்டுவாசியான்னு கேக்கும். வாள் வேணுமா, வில் வேணுமா, மந்திரக்கோல் வேணுமான்னு கேக்கும். கடைசியில முகம். எனக்கு நேரம் பிடிச்சது அங்கதான்.

மூணு சாயந்திரம் ஆச்சு. மூக்கு நீளம், தாடை அகலம், கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம், எல்லாத்துக்கும் தனித்தனியா நகத்துற கோடு இருக்கு. மச்சான் ஃபோன் போட்டுச் சிரிச்சார். "என்ன மாப்ள, இன்னுமா முகம் கழுவி முடியலை? பன்னி அடிக்கப் போறவனுக்கு எதுக்குடா இவ்வளவு அலங்காரம்? எவன் பாக்கப் போறான்?" சரிதான், யாரும் பாக்கப் போறதில்லைன்னுதான் நானும் நினைச்சேன்.

மச்சான்னா என் பொண்டாட்டியோட அண்ணன். வேலையிலயும் எனக்கு மூத்தவர். லிஃப்ட் மாட்டறது, பழுது பாக்கறது, ஒன்பது வருஷமா ரெண்டு பேரும் ஒரே ஜோடி. ஆள் வாசலை அடைச்ச மாதிரி இருப்பார், கம்பெனியில 'சுவரு'ன்னு கூப்பிடுவாங்க. கேம்லயும் அதே பேருதான் வெச்சிருந்தார். தங்கமான மனுஷன். அதை நீங்க எழுதிக்கலாம்.

என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போயிட்டான்னு ஆன பிறகு, ரெண்டு வருஷத்துல என்னை ஒரு நாள்கூட அவர் தப்பாப் பேசினதில்லை. அவ போட்டோவை எடுத்துக்கிட்டு ஏழு மாசம் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைஞ்சார். நானும் கூடவே அலைஞ்சேன். கால் வீங்கிப் போகும், அவருக்கு நான்தான் வெந்நீர் வெச்சுக் குடுப்பேன். என்னைப் பாத்து அவருக்கு மனசு தாங்கலை. தன்னோட பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வந்து என் மேஜையில வெச்சார். "வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காராதே மாப்ள. வா, நாலு பேரை வெட்டுவோம், மனசு லேசாகும்"னு சொன்னார்.

முதல்ல ஒரு புல்வெளியில விடுவாங்க. பத்து காட்டுப்பன்னி அடிச்சுத் தந்தம் கொண்டு வான்னு ஒரு கிழவன் சொல்வான். ஆரம்பத்துல ஒரு பன்னி சாக பன்னெண்டு அடி வேணும். அது கத்தும், புரண்டு எழுந்திருக்கும், திரும்பவும் அடிக்கணும். அஞ்சாவது லெவல்ல நாலு அடி போதும். பத்தாவது லெவல்ல ஒரே அடி, சத்தமே வராது. கை பழகப் பழக எல்லாமே அப்படித்தான் ஆகும், அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

புதுசா வர்றவங்க எல்லாரும் வாளைத்தான் எடுப்பாங்க. மச்சான் என்னை வைத்தியம் பாக்கற வேலையை எடுக்கச் சொன்னார். அவர் கேடயத்தோட முன்னாடி நின்னு அடி வாங்குவார், நான் பின்னாடி நின்னு அவர் காயத்தை ஆத்திக்கிட்டே இருக்கணும். "நீ இருக்கிற தைரியத்துலதான் மாப்ள நான் ராட்சசன் வாயில தலையைக் குடுக்கறேன்"னு சொல்வார். வாஸ்தவம். நான் கையை எடுத்தா அஞ்சே நொடியில அவர் காலி. ஒரு தடவை வேணும்னே எடுத்துப் பாத்தேன். ராட்சசன் அவரைத் தரையோட தரையாத் தேய்ச்சுட்டான். மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சார். நெட் போயிடுச்சுன்னு சொன்னேன், நம்பிட்டார்.

நான் செஞ்ச தப்பு என்னன்னு இப்போ சொல்றேன். அந்த கேம்ல நம்ம ஆளை நாம எப்பவும் பின்னாடி இருந்துதான் பாப்போம். முதுகும் முடியும்தான் தெரியும். என் ஆள் ஒரு பொண்ணு, இடுப்பு வரைக்கும் முடி, கழுத்தெல்லாம் மூடியிருந்துச்சு. இருபதாவது லெவலுக்கு ஒரு கிரீடம் இனாமாக் குடுத்தாங்க. அதைப் போட்டா முடியைத் தூக்கிக் கொண்டையாக் கட்டிடும்னு எனக்குத் தெரியாது. புதுசா ஆடறவனுக்கு எப்படித் தெரியும்?

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம். மச்சான் என் வீட்டுல சாப்பிட்டுட்டு, என் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். கிரீடம் போட்டதும் கொண்டாடற மாதிரி அவ சுத்தித் திரும்பி முகத்தைக் காட்டினா. மச்சான் அப்படியே உருகிட்டார்.

"டேய், அவளையே செஞ்சு வெச்சிருக்கியேடா." அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். "அதே மூக்கு. கோவம் வந்தா வர்ற அதே முழி. என்கிட்ட ஏண்டா சொல்லவே இல்லை?"

அப்புறம் திரைக்குப் பக்கத்துல குனிஞ்சார்.

"கழுத்துல என்னது இது?"

நான் நிழல்னு சொன்னேன். அவர் மவுஸைப் பிடிச்சு உருட்டி முகத்தைப் பெருசாக்கினார். நிழல் இல்லைன்னு யாருக்கும் தெரியும். தழும்புகள்னு ஒரு பக்கம் இருக்கு சார், முப்பது வகை, எல்லாமே இலவசம். நான் எடுத்தது பதினாலாம் நம்பர். காதுக்குக் கீழ ஆரம்பிச்சு கழுத்தைச் சுத்தி, கயிறு இறுக்கின மாதிரி ரெண்டு கோடு.

"என் தங்கச்சி கழுத்துல ஒரு கீறல்கூடக் கிடையாதேடா"ன்னார். "இடுப்புல தூக்கி வளத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவரைப் பொறுத்தவரைக்கும் அது சரிதான். அவர் கடைசியாப் பாத்தப்போ அது இல்லை. நான் கடைசியாப் பாத்தப்போ இருந்துச்சு. அது இல்லாம எவ்வளவு தீட்டினாலும் அந்த முகம் வேற யாரோ மாதிரியே இருந்துச்சு, மூணாவது சாயந்திரம் அதை வெச்சதும்தான் அவளா ஆனா.

மச்சான் ஒரு சொம்பு தண்ணி குடிச்சார். நாளைக்கு ஒன்பது மாடிக் கட்டடத்துல வேலை, ஏழு மணிக்கு வந்துடுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நான் ஆறு மணிக்கே போயிட்டேன்.

எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தன் லிஃப்ட் பெட்டியோட கூரை மேல நின்னு வேலை செஞ்சா, இன்னொருத்தன் கட்டடத்து உச்சியில மோட்டார் அறையில இருப்பான். கூரையில இருக்கறவன் 'எறங்கிட்டேன்'னு மூணு தடவை கத்தணும், அதைக் கேட்டு இவனும் மூணு தடவை திருப்பிச் சொல்லணும். அதுக்கு முன்னாடி எந்தப் பொத்தான்லயும் கை வைக்கக் கூடாது. கூரையிலயும் ஒரு நிறுத்தற ஸ்விட்ச் இருக்கும், அதை அமுக்கினா பெட்டி அசையாது. அந்த ஸ்விட்ச் வேலை செய்யாதபடி நான் ஆறேகாலுக்கே பண்ணி வெச்சுட்டேன். அவர் எதுவும் கேக்காம வேலையை முடிச்சிருந்தா சத்தமில்லாமச் சரி பண்ணியிருப்பேன். அந்த முடிவை நான் அவர்கிட்டயே விட்டுட்டேன்.

அவர் கேட்டார். தரையில நிக்கும்போது கேட்டிருக்கலாம், எட்டாவது மாடி உயரத்துல கூரை மேல நின்னுக்கிட்டு, மோட்டார் அறையில இருந்த என்னை அண்ணாந்து பாத்துக் கேட்டார். "மாப்ள, ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரலை. அவளை என்னடா பண்ணினே?"

நான் பொத்தானை அமுக்கினேன்.

பெட்டி மேல போச்சு. அவர் ஸ்விட்சை அமுக்கற டக்கு டக்குங்கற சத்தம் அஞ்சாறு தடவை கேட்டுச்சு. அப்புறம் பெட்டிக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல எலும்பு நொறுங்கற சத்தம். மச்சான் பெரிய ஆள், அதனால ஒரேயடியா முடியலை. நான் மோட்டார் அறையை விட்டு இறங்கி ஒன்பதாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து பாத்தேன். மார்பு வரைக்கும் நசுங்கி, ஒரு கை மட்டும் வெளிய தொங்கிக்கிட்டிருந்துச்சு. விரல் அசைஞ்சுது. "எறக்குடா மாப்ள, மூச்சு முட்டுது"ன்னார்.

திரும்பி மேல ஏறிப் போய் ஒரு அடி எறக்கிவிட்டேன். அவ்வளவு இரக்கமாவது எனக்கு இருந்துச்சு. மறுபடி வந்து, இந்தத் தழும்பு விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா மச்சான்னு கேட்டேன். யார்கிட்டயும் சொல்லலைடா, நீயே சொல்லுவேன்னு நினைச்சேன்னு சொன்னார். வாயில ரத்தம் நுரையா வந்துச்சு. என் கட்டைவிரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார், விரலைப் பிரிச்சு எடுக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. மேல போய் இன்னொரு தடவை ஏத்தினேன். அப்புறம் இன்னும் ஒரு தடவை.

அவளைப் பத்தியும் கேக்கறீங்க, சொல்லிடறேன், ஒளிச்சு என்ன ஆகப் போகுது. அண்ணன் வீட்டுக்குப் போறேன், இனி திரும்ப மாட்டேன்னு பை கட்டினா. போகாதேன்னு நான் மூணு தடவை நிதானமாச் சொன்னேன். அவ காதுலயே போட்டுக்கலை. என் வேலைப் பையில கம்பிக் கயிறு இருந்துச்சு. நாலு மாடித் துணிக்கடை ஒண்ணுல அப்போ புது லிஃப்ட் மாட்டிக்கிட்டிருந்தோம், குழியை ரெண்டடி கூடுதலாத் தோண்டிட்டாங்க, அதைக் கான்கிரீட் கலவை போட்டு ரொப்ப வேண்டியிருந்துச்சு. அவளை அங்க வெச்சுப் பாதி ரொப்பினேன். மறுநாள் மச்சான் வந்து, "பரவாயில்லையே மாப்ள, தனியாளாவே பாதி முடிச்சுட்டியே"ன்னு முதுகுல தட்டினார். மீதிக் கலவையைக் கொட்டி, முட்டி போட்டு உக்காந்து, மேல மட்டம் தட்டினது அவர்தான்.

எல்லாத்தையும் எழுதிக்கோங்க, எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன். ஆனா அந்த கேம்ல என் கணக்கைத் திறந்து ஒரு தடவை பாருங்க சார். எவ்வளவு ஓநாய், எவ்வளவு ராட்சசன், எத்தனை குகை. புதுசா வந்தவங்க எல்லாரும் நூறு தடவையாவது செத்திருப்பாங்க. இந்த இருபது லெவல்ல நான் அவளை ஒரு தடவைகூடச் சாக விட்டதில்லை. அதனால கொலைகாரன்னு எழுதுங்க, பரவாயில்லை. பொண்டாட்டியைப் பாத்துக்கத் தெரியாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க.