நித்தியின் சப்பாத்து

“…ஆற்ற மச்சான் எண்டு சொன்னியள்?”

“எங்கட டினேஸின்ர மச்சான். மகேந்திரன்.”

“இப்ப அவர் எங்க?”

“பொறு பிள்ளை. முதல்ல கதையைக் கேள்.”

“போன கிறிஸ்மசுக்குச் சொன்ன பேய் கடைசியில பூனையாப் போச்சுது, எமிலியானுஸ் அண்ணை. மறக்கேல்லை நாங்கள்,” என்றாள் கிறிஸ்ரினா. சொல்லிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

ஜெனீவாவிலிருந்து எங்கடின் வரை சுவிஸ் நாடு முழுக்கப் புயலும் பனியும் என்று வானொலி சொல்லியிருந்தது. ரயில்கள் நின்றுவிட்டன. சோலோதுர்ன் நகருக்குப் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் போக வழியில்லாமல் ஒரு மெழுகுதிரியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். மின்சாரமும் இல்லை. எமிலியானுஸ் குரலைத் தாழ்த்தினார்.

சில வருசத்துக்கு முந்தி, எங்கடின் மலைப் பள்ளத்தாக்கு. பின்னேரம் ஐந்து மணி, ஆனால் இருட்டிவிட்டது. மேலே ஹோட்டல். கீழே வேலையாட்கள் தங்கும் வீடு. நடுவில் பைன் காட்டுக்குள்ளால் ஒரே ஒரு பாதை... ஒரு விளக்குக்கூட இல்லை.

அந்த வீட்டில் மகேந்திரனும் நித்தியானந்தனும் ஓர் அறையில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கோப்பை கழுவுகிற வேலை. முதலில் வந்து சேர்ந்தவன் மகேந்திரன். ஆனால் தலைமைச் சமையல்காரர் அடுப்படியில் சமைக்கிற வேலைக்குக் கூப்பிட்டது நித்தியை. அன்றைக்குத்தான் முதல் நாள். பிந்தினால் அந்த இடம் அடுத்தவனுக்கு என்று சொல்லியிருந்தார்.

மகேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றி வைப்பது ஊர்ப்பழக்கம். எத்தனை பனியிலும் அவர்கள் அதை விடவில்லை. நித்தியின் சப்பாத்து புதிது. உள்ளே ஆட்டு உரோமம் வைத்தது. மகேந்திரன் தன் பழைய சோடியை ஒளித்தான். நித்தியின் சப்பாத்துக்குள் காலை விட்டான். தனியாக மேலே ஏறினான்.

ஒருநாள் பிந்தட்டும். அவ்வளவுதான்... என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். புயல் வருகிறதென்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனும் கேட்டவன்தான்.

நித்தி பிந்தவில்லை. வரவேயில்லை.

“பாவி! ஒருக்காத் திரும்பிப் போய்ப் பாக்கேல்லையோ?”

“இல்லை. கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவன்.”

பனி அடங்கியபிறகுதான் கண்டெடுத்தார்கள். சமையலறைச் செருப்போடு புறப்பட்டிருக்கிறான். ஒரு மரத்தில் சாய்ந்தபடி இருந்தான்... வெறுங்காலோடு. செருப்பு இரண்டும் பக்கத்தில், யாரோ வீட்டு வாசலில் கழற்றி வைத்தமாதிரி, சோடியாக.

அடுத்த பனிக்காலம். முதற் புயல். மகேந்திரன் ஹீற்றரோடு ஒட்டிய கட்டிலில் படுத்திருந்தான். படியில் சத்தம்.

சளக்... சளக்...

ஈரச் செருப்பு. கதவடியில் நின்றது. ஒன்றைக் கழற்றும் சத்தம். கொஞ்சம் பொறுத்து மற்றது.

பிறகு ஒன்றுமில்லை. கோப்பை கழுவும் சவர்க்காரத்தின் எலுமிச்சை மணம் மட்டும் அறைக்குள் வந்தது.

விடிய, இடதுகாற் பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. பனியில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று டொக்டர் கேட்டார். கட்டிலில் படுத்திருந்தேன் என்றான் மகேந்திரன். டொக்டர் சிரித்தார். விரலை வெட்டி எடுத்தார்.

அதன்பிறகு புயலுக்கு ஒரு விரல். அவசரமே இல்லை.

வேலையை விட்டான். சூரிச்சுக்கு ஓடினான். அட்லிஸ்வில் கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்தான். புயல் நாடு முழுக்க வருவதுதானே... அங்கேயும் வந்தது. அதோடு சளக், சளக்.

இடதுகாலில் விரல் முடிந்து, வலதுகாலில் தொடங்கியபோது, நித்தியின் அந்தச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு சிவப்பு ரயிலில் எங்கடினுக்குப் போனான். ஊன்றுகோலோடு அந்த மரத்தடிக்கு நடந்தான். சப்பாத்தைச் சோடியாக வைத்தான்.

“மன்னிச்சுக்கொள் நித்தி... இனி விட்டிடு.”

அன்றிரவு கீழ்க்கிராமத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினான். காற்று யன்னலைப் பிடித்து உலுப்பியது. படியில் சத்தமில்லை. எலுமிச்சை மணமில்லை. போர்வைக்குள் கால்கள் சூடாக இருந்தன. அந்தச் சூட்டுக்கே அவனுக்கு அழுகை வந்தது. அழுதபடியே கண்ணயர்ந்தான்.

விடியப்புறம்... கட்டிலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து, ஒரு குரல். கோபமே இல்லாத குரல்.

“சப்பாத்து போட்டிட்டன் அண்ணை. ஆனா உடம்பெல்லாம் விறைச்சுப்போச்சு... எழும்ப ஏலாமக் கிடக்கு. ஒருக்கா உங்கட கையைத் தாங்கோ.”